வேலையை விட்டால் சிறை: சேர் பொன்னம்பலம் அருணாசலமும் மலையகமும்

பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தவர்களுக்கு அருணாசலம் விடுதியைத் தெரியும். வன்னியிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்த பிள்ளைகளும், ஹற்றன், நுவரெலியா பக்கத்துத் தோட்ட லயங்களிலிருந்து வந்த பிள்ளைகளும் ஒரே கூரையின் கீழ் தங்கிப் படித்த இடங்களில் அதுவும் ஒன்று. ஆனால், அந்த விடுதிக்கு ஏன் அந்தப் பெயர் வந்தது என்று கேட்டால், பாடப்புத்தகத்தில் படித்த இரண்டு மூன்று வரிகள்தான் பெரும்பாலானோருக்கு நினைவுக்கு வரும். இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவர். போட்டிப் பரீட்சையில் வென்று இலங்கைச் சிவில் சேவைக்குள் நுழைந்த முதல் இலங்கையர். இந்த நாட்டுக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று முதலில் குரல் கொடுத்தவர்களில் ஒருவர்.

இவை எல்லாம் உண்மை. ஆனால், சேர் பொன்னம்பலம் அருணாசலத்தின் வாழ்க்கையில் மலையக மக்களோடு தொடர்புபட்ட ஒரு பகுதி இருக்கிறது. வடக்கிலும் கிழக்கிலும் அதை அதிகம் பேசுவதில்லை. அவர் தன் கடைசி பத்து ஆண்டுகளில், தோட்ட வேலையை விட்டுப் போன குற்றத்துக்காகத் தொழிலாளரைச் சிறைக்கு அனுப்பிய சட்டத்தை எதிர்த்து நின்றார்.

2009 மே மாதத்துக்குப் பிறகு செட்டிகுளத்தில், மெனிக் பாமில் இருந்தவர்களுக்கு இந்தக் கதை அந்நியமாக இருக்காது. அங்கே சமைத்த உணவு இருந்தது, தறப்பாள் கூடாரம் இருந்தது, மருத்துவ முகாம் இருந்தது. வெளியே போக மட்டும் அனுமதி இல்லை. முள்வேலிக்குள் வைத்துச் சோறு போடுவதைப் பராமரிப்பு என்று சொல்லலாமா என்ற கேள்வி அப்போது எங்களுக்குப் புதிதாகத் தோன்றியது. மலைநாட்டில் அந்தக் கேள்வி அதற்கும் நூறு வருடம் முந்தியது.

மலையில் என்ன இருந்தது?

அருணாசலத்தின் வாழ்க்கைக்குள் போவதற்கு முன், அவர் காலத்தில் மலைநாட்டில் ஒரு மனிதன் நோயில் விழுந்தால், வயதாகி வேலை செய்ய முடியாமல் போனால், மனம் பேதலித்தால் எங்கே போக முடியும் என்று பார்க்க வேண்டும்.

கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்தவர்கள் கடலைக் கடந்து, மன்னார்ப் பக்கம் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். கொலரா, காய்ச்சல், பசி ஆகியவை வழியெங்கும் ஆட்களைக் கொண்டுபோயின. நடக்க முடியாதவர்கள் வழியிலேயே விடப்பட்டார்கள். பிறகு அந்த வீதியில் கிணறுகளும் தங்குமடங்களும் வந்தன. 1872 இல் பெருந்தோட்ட மாவட்டங்களின் மருத்துவத் தேவைக்கென்று ஒரு கட்டளைச் சட்டம் வந்தது. அதன் பின்னர் தோட்டப் பகுதிகளில் மாவட்ட ஆஸ்பத்திரிகளும் மருந்தகங்களும் எழுந்தன. இதற்கான செலவில் தோட்டங்களும் பங்கு கொடுக்க வேண்டியிருந்தது. ஆனால், ஆள் வேலைக்கு வராத ஒவ்வொரு நாளும் தோட்டத்துக்கு நட்டம். அதனால் பலர் கடைசி நேரத்தில்தான் ஆஸ்பத்திரிக்கு அனுப்பப்பட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பி வரமாட்டார் என்ற பயம் லயங்களில் பரவியது இப்படித்தான்.

மனநோயாளிகளின் கதை இன்னும் மோசம். இலங்கையில் மனநோயாளிகள் பற்றிய முதல் கட்டளைச் சட்டம் 1839 இல் வந்தது. அப்போது அவர்களுக்கென்று தனி விடுதி எதுவும் கிடையாது. ஒல்லாந்தர் 1708 இல் ஹெந்தளையில் கட்டிய தொழுநோய் விடுதியிலும் சிறைகளிலுமே அவர்கள் வைக்கப்பட்டார்கள். 1847 இல் பொரளையிலும், 1884 இல் கறுவாத்தோட்டத்திலும், 1926 இல் அங்கொடையிலும் மனநோய் விடுதிகள் திறக்கப்பட்டன. எல்லாமே கொழும்பிலும் அதன் அயலிலும்தான். ஹற்றனிலிருந்து கொழும்புக்கு ரயில் பாதை நூறு மைலுக்கு மேல். ஹற்றன் பக்கத்திலிருந்து ஒருவர் அங்கு கொண்டுபோகப்பட்டால், லயத்தில் இருக்கும் மனைவிக்கோ தாய்க்கோ அவரைப் போய்ப் பார்ப்பது நினைத்துப் பார்க்க முடியாத காரியம். ஒரு நாள் பிரட்டுக்கு நிற்காவிட்டால் அன்றைய கூலி இல்லை. துரையின் அனுமதி இல்லாமல் தோட்டத்தை விட்டுப் போனால் அது வேறு குற்றம்.

வேலையும் இல்லை, போக்கிடமும் இல்லை என்று வீதியில் நின்றவருக்கு 1841 ஆம் ஆண்டின் நாடோடிகள் கட்டளைச் சட்டம் இருந்தது. அது அலைந்து திரிபவரையும் பிச்சை எடுப்பவரையும் நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனது. கண்டியில் 1876 இல் கட்டப்பட்ட போகம்பறைச் சிறை மத்திய மலைநாட்டின் மிகப்பெரிய அரச கட்டடங்களில் ஒன்றாக நின்றது. முதியோருக்கோ அங்கவீனருக்கோ அந்த அளவில் ஒரு கட்டடம் மலைநாட்டில் எழவில்லை.

இந்த உலகத்துக்கு வெகு தொலைவில்தான் அருணாசலம் பிறந்தார்.

கறுவாத்தோட்டத்து மனிதர்

1853 செப்டெம்பர் 14 ஆம் திகதி கொழும்பில் அவர் பிறந்தார். தந்தை பொன்னம்பல முதலியார், பூர்வீகம் மானிப்பாய். தாய்வழிப் பாட்டனார் சட்டசபையில் தமிழர் பிரதிநிதியாக இருந்த குமாரசுவாமி முதலியார். மாமன் சேர் முத்து குமாரசுவாமி. மூத்த சகோதரர்கள் குமாரசுவாமியும் இராமநாதனும் பின்னாளில் சட்டசபையில் அமர்ந்தவர்கள். நாட்டின் மிக வசதியான, மிகச் செல்வாக்கான தமிழ்க் குடும்பங்களில் ஒன்று அது.

இன்று றோயல் கல்லூரி எனப்படும் கொழும்பு அக்கடமியில் படித்த அவர், புலமைப்பரிசில் பெற்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கிறைஸ்ட்ஸ் கல்லூரிக்குப் போனார். அங்கே அவருக்குக் கிடைத்த நட்புகளில் முக்கியமானது எட்வர்ட் கார்பென்டருடையது. கார்பென்டர் பின்னாளில் இங்கிலாந்தில் சோசலிச எழுத்தாளராக அறியப்பட்டவர். 1890 இல் அவர் இலங்கைக்கு வந்து நண்பரோடு தங்கினார், சிவனொளிபாத மலை ஏறினார், அந்தப் பயணத்தைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். இருவரும் கடைசிவரை கடிதத் தொடர்பில் இருந்தார்கள். உழைப்பவனின் நிலையைப் பற்றி மேட்டுக்குடி வீட்டில் வழக்கமாகப் பேசப்படாத பல விடயங்கள் அந்த நட்பின் வழியே அருணாசலத்திடம் வந்து சேர்ந்திருக்க வேண்டும்.

1875 இல் லண்டனில் நடந்த போட்டிப் பரீட்சையில் சித்தியடைந்து சிவில் சேவையில் சேர்ந்தார். அதுவரை அந்தக் கதவு வெள்ளையருக்கே பழகியது. உள்ளே வந்த பிறகும் பெரிய பதவிகள் இவருக்கு எளிதில் கிடைக்கவில்லை. பல ஊர்களில் நீதவானாகவும் மாவட்ட நீதிபதியாகவும் அலைய வேண்டியிருந்தது. அந்த அலைச்சலில் ஒரு பயனும் இருந்தது. சட்டம் ஏழையின் மேல் எப்படி விழுகிறது என்பதை நீதிமன்றத்தின் மேசையில் இருந்து அவர் பார்த்தார். வழக்கில் நிற்பவருக்கு மொழி புரியாது, தன்மேல் உள்ள குற்றச்சாட்டும் பல வேளைகளில் புரியாது. தீர்ப்பு ஆங்கிலத்தில் எழுதப்படும்.

எண்ணியவர்

பிறகு அவர் பதிவாளர் நாயகமானார். காணி உறுதிப் பதிவில் இருந்த குழப்பத்தையும் மோசடியையும் ஒழுங்குபடுத்தியதற்காக அவர் பாராட்டப்பட்டார். எங்கள் கதைக்கு முக்கியமானது அந்தப் பதவியின் இன்னொரு பக்கம். நாட்டில் பதியப்பட்ட ஒவ்வொரு பிறப்பும் இறப்பும் அந்த அலுவலகத்தின் பேரேட்டுக்கு வந்தது. கிராமத்துச் சாவும் நகரத்துச் சாவும் தோட்டத்துச் சாவும் ஒரே மேசையில் அருகருகே கிடந்தன. யார் எந்த வயதில் சாகிறார்கள் என்பதைப் பேரேட்டில் படிப்பவருக்கு, நாடு எப்படி நடக்கிறது என்பது பேச்சாளர்கள் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

1901 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பீட்டை நடத்தும் பொறுப்பும் அவரிடமே வந்தது. அதன் அறிக்கை வெறும் அட்டவணைத் தொகுப்பு அல்ல. நாட்டின் சாதிகள், மதங்கள், மொழிகள், வரலாறு பற்றிய விரிவான எழுத்து அது. அந்தக் கணக்கில் இலங்கையின் சனத்தொகை 35 இலட்சத்து 65 ஆயிரத்தைத் தாண்டியிருந்தது. அவர்களில் 4 இலட்சத்து 41 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் தோட்டங்களில் வாழ்ந்தார்கள். நாட்டில் எட்டுப் பேருக்கு ஒருவர் தோட்டத்தில் இருந்தார் என்று சொல்லலாம்.

அந்த எட்டில் ஒருவருக்குச் சட்டசபையில் குரல் இல்லை. தோட்டத் துரைமாருக்கு அங்கே பிரதிநிதி இருந்தார். அவர்களின் கீழ் வேலை செய்தவர்களுக்கு ஒருவரும் இல்லை. அரசாங்கத்தின் சம்பளத்தில் இருந்த வரையில் அருணாசலமும் இதைப் பற்றிப் பொதுமேடையில் பேச முடியாது. 1913 இல் ஓய்வு பெற்றார். மறு ஆண்டு சேர் பட்டம் கிடைத்தது. அப்போது அவருக்கு அறுபது வயது. அந்தக் காலத்து உயர் அதிகாரி ஒருவர் ஓய்வுக்குப் பிறகு கோயில் திருப்பணியும் சாய்மனைக் கதிரையுமாக இருப்பதுதான் வழமை. இவரும் சைவப் பணிகளில் ஈடுபட்டார். சிவஞானபோதம், திருவாசகம் போன்றவற்றில் தோய்ந்தவர் அவர். ஆனால், அதோடு நிற்கவில்லை.

தருமமா, உரிமையா?

1915 ஜனவரியில் இலங்கைச் சமூக சேவை லீக் உருவானது. அருணாசலம் அதன் தலைவர். கொழும்பின் சேரிகளில் வாழும் ஏழைகளின் கல்வி, மருத்துவ உதவி, குடியிருப்பு ஆகியவை அதன் உடனடி வேலைகள். பார்வைக்கு இது வசதி படைத்தவர்கள் செய்யும் வழக்கமான தருமம் போலத் தெரியும். ஆனால், லீக் முன்வைத்த கோரிக்கைகளைப் பார்த்தால் வேறுபாடு புரியும். கட்டாயக் கல்வி, குறைந்தபட்சக் கூலி, தொழிலாளர் காப்புறுதி ஆகியவற்றைச் சட்டமாகக் கொண்டுவர வேண்டும் என்று அது கேட்டது. இரக்கமுள்ளவர் கொடுக்கும்போது வாங்கிக்கொள்ளும் உதவிக்கும், சட்டப்படி கேட்டு வாங்கும் உரிமைக்கும் இடையிலுள்ள தூரம் பெரிது. அந்தத் தூரத்தை அருணாசலம் கண்டுகொண்டிருந்தார்.

கொழும்பு ஏழையைப் பற்றி யோசித்தவரின் கவனம் அடுத்து மலைநாட்டுக்குப் போனது. அங்கே தடை வேறு விதமானது. கொழும்புச் சேரியில் இருப்பவர் பசியோடாவது இன்னோர் இடத்துக்குப் போய் வேலை தேடலாம். தோட்டத் தொழிலாளியால் அது முடியாது.

1865 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வேலைக்காரருக்கும் எசமானருக்கும் உரியது. சாதாரணமாக ஓர் ஒப்பந்தத்தை மீறினால் நட்டஈட்டு வழக்குத்தான் வரும். இந்தச் சட்டத்தின் கீழ், முன்னறிவித்தல் இல்லாமல் வேலையை விட்டுப் போவது, வேலை செய்ய மறுப்பது, வேலையில் அசட்டையாக இருப்பது எல்லாம் கிரிமினல் குற்றம். கூலி பறிபோகும், தண்டம் விதிக்கப்படும், மூன்று மாதம் வரை கடூழியச் சிறையும் கிடைக்கும். சட்டம் பெண்களையும் விலக்கவில்லை. சுகமில்லாமல் படுத்திருந்தவர் உண்மையில் சுகமில்லாதவரா, வேலைக்குப் போக மனமில்லாதவரா என்பதைத் தோட்டத்தில் தீர்மானிப்பவர் துரை.

இதற்கு மேல் துண்டு முறை இருந்தது. தொழிலாளி ஊரிலிருந்து வரும்போதே கங்காணியிடம் முன்பணக் கடனோடு வந்தவர். பயணச் செலவு, அரிசி, கம்பளி, கலியாணம், சாவு என்று அந்தக் கடன் வளர்ந்துகொண்டே போகும். வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால், இந்த ஆளின் கடனைக் கட்டினால் விடுவிக்கிறேன் என்று துரை எழுதிக் கொடுக்கும் சீட்டு வேண்டும். அதுதான் துண்டு. அந்தத் துண்டைக் கையில் கொண்டு கங்காணிமார் பேரம் பேசினார்கள். ஆள் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குக் கைமாறினார். கடனும் அவரோடு கூடவே போனது. துண்டு இல்லாதவரை வேறு தோட்டம் எடுக்காது. துண்டு இல்லாமல் வெளியேறினால் முன்னே சொன்ன சிறை.

இந்த இடத்தில்தான் அருணாசலத்தின் பார்வை கூர்மையாகிறது. தோட்டத்தில் ஆஸ்பத்திரி கட்டலாம், லயத்துக்கு ஓடு போடலாம், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைக்கலாம். அவை எல்லாம் தேவைதான். ஆனால், அந்த இடத்தை விட்டுப் போகும் உரிமை இல்லாத ஒருவருக்கு இவை எல்லாம் எசமானின் தயவு மட்டுமே. சிறைத் தண்டனை முதலில் நீங்க வேண்டும் என்று அவர் நின்றதன் பொருள் இதுதான்.

1919 ஜூன் 25 ஆம் திகதி இலங்கைத் தொழிலாளர் நலன்புரி லீக் அமைந்தது. தலைவர் அருணாசலம், செயலாளர் பெரி. சுந்தரம். மலைநாட்டிலேயே பிறந்து, கண்டி திருத்துவக் கல்லூரியிலும் கேம்பிரிட்ஜிலும் படித்துச் சட்டத்தரணியானவர் பெரி. சுந்தரம். பின்னாளில் ஹற்றன் தொகுதியிலிருந்து அரசாங்க சபைக்குப் போய், தொழில், கைத்தொழில், வர்த்தக அமைச்சரானார். தோட்டத்து வாழ்வை அருகிலிருந்து கண்ட இளைஞரும், அரசாங்கத்தின் கதவு எங்கே திறக்கும் என்று தெரிந்த முதியவரும் சேர்ந்த கூட்டு அது. 1920 இல் இலங்கைத் தொழிலாளர் சம்மேளனமும் உருவானது.

அவர்களின் ஆயுதம் வேலைநிறுத்தம் அல்ல. விண்ணப்பம், கடிதம், பத்திரிகை, கூட்டம் ஆகியவைதான். காலமும் அவர்களுக்குச் சாதகமாக இருந்தது. பீஜி, மேற்கிந்தியத் தீவுகள் போன்ற இடங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை அனுப்பும் முறைக்கு எதிராக இந்தியாவில் எழுந்த குரல் 1917 இல் அந்த முறையை நிறுத்த வைத்தது. அதே காலத்தில் சென்னை அரசாங்கம் மார்ஜோரிபாங்க்ஸ், அகமது தம்பி மரைக்காயர் என்ற இருவரை இலங்கைக்கும் மலாயாவுக்கும் அனுப்பி தொழிலாளர் நிலையை ஆராய்ந்தது. இந்தியா ஆள் அனுப்புவதை நிறுத்தினால் தேயிலை நின்றுவிடும் என்ற பயம் துரைமாருக்கும் அரசாங்கத்துக்கும் வந்தது. தஞ்சாவூரிலிருந்து வந்த கோ. நடேசய்யர், வெளியாருக்கு மூடியிருந்த தோட்டங்களுக்குள் புடவை வியாபாரி வேடத்தில் புகுந்து நிலைமையைக் கண்டறிந்ததும் இந்தக் காலத்தை ஒட்டித்தான்.

1921 இல் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது. சிறைத் தண்டனைப் பிரிவுகளும் 1921, 1922 ஆம் ஆண்டுகளின் சட்டத் திருத்தங்களோடு தோட்டத் தொழிலாளருக்கு இல்லாமல் போயின. கடனும் வறுமையும் கங்காணியின் பிடியும் ஒரே நாளில் மறைந்துவிடவில்லை. ஆனால், வேலையை விட்டுப் போனவரைப் பொலிஸ் பிடித்துச் சிறைக்குக் கொண்டுபோகும் காலம் முடிந்தது. இது ஒருவரின் வெற்றி அல்ல. ஆயினும், அரசாங்கத்தின் உள்ளே கிட்டத்தட்ட நாற்பது ஆண்டு இருந்த ஒருவர், அதே அரசாங்கத்தின் சட்டத்தைத் தவறு என்று சொன்னதற்குத் தனி எடை இருந்தது.

அவரால் பார்க்க முடியாதவை

அருணாசலத்தைத் தெய்வமாக்க வேண்டியதில்லை. அவர் தொழிலாளர் நடுவில் வாழ்ந்தவர் அல்ல. அவருடைய லீக் படித்தவர்களும் வசதியானவர்களும் கூடிய சங்கம். அதில் கொழுந்து எடுப்பவருக்கு இடம் இருக்கவில்லை. தொழிலாளருக்காகப் பேசினார்கள், தொழிலாளர் பேசவில்லை. அந்தக் குறையைத்தான் பிறகு நடேசய்யரும் மீனாட்சி அம்மையும் ஹற்றனை மையமாக வைத்து நிரப்பினார்கள். 1931 இல் நடேசய்யர் தொடங்கிய சம்மேளனம் லயத்து மனிதர்களையே அங்கத்தவராக்கியது.

மனநோயாளியின் நிலையிலும் முதியவரின் நிலையிலும் அவர் காலத்தில் பெரிய மாற்றம் வரவில்லை. அவர் குடியிருந்த கறுவாத்தோட்டத்திலேயே இருந்த மனநோய் விடுதி, அளவுக்கு மிஞ்சிய ஆட்களால் நிரம்பி வழிந்தது. அவர் இறந்து இரண்டு ஆண்டுக்குப் பிறகுதான் அங்கொடைக்கு மாறியது. ஏழைகளுக்கு அரசு உதவி செய்ய வேண்டும் என்ற சட்டம் வர 1939 ஆக வேண்டியிருந்தது. அந்த ஏழைகள் கட்டளைச் சட்டமும் கொழும்பு, கண்டி, காலி மாநகரசபைகளுக்குள் நின்றுவிட்டது. லயத்தில் கண் தெரியாமல் இருந்த கிழவிக்கு அது எட்டவில்லை.

1919 டிசம்பரில் தேசிய காங்கிரஸின் முதல் தலைவரானவர், இரண்டே ஆண்டில் அதை விட்டு வெளியேறினார். மேல் மாகாணத்தில் தமிழருக்கு ஓர் ஆசனம் என்று கொடுக்கப்பட்ட வாக்குறுதி காப்பாற்றப்படாததே காரணம். 1923 இல் இலங்கைத் தமிழர் லீக்கைத் தொடங்கினார். அதை வளர்க்க அவருக்குக் காலம் கிடைக்கவில்லை. இந்தியாவில் தல யாத்திரை போயிருந்தபோது, 1924 ஜனவரி 9 ஆம் திகதி மதுரையில் காலமானார். மலையகத் தொழிலாளர் பலரின் ஊர்கள் இருந்த அதே பாண்டி நாட்டில் அவருடைய பயணம் முடிந்தது.

அவருக்குப் பிறகு நடந்தது எங்கள் எல்லோருக்கும் தெரிந்த கதை. 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் சுமார் ஏழு இலட்சம் மலையக மக்களை நாடற்றவர்களாக்கியது. மறு ஆண்டு அவர்களின் வாக்கும் போனது. அப்போது தமிழ்க் காங்கிரஸ் இரண்டாகப் பிளந்தது. ஒரு பகுதி அரசாங்கத்தோடு நின்றது. செல்வநாயகம் தலைமையிலான பகுதி வெளியேறி, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியை அமைத்தது. வடக்கின் தலைமை முழுதாக மலையகத்தோடு நின்றது என்று சொல்ல எங்களால் முடியாது. 1964 இல் சிறிமாவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று ஆட்களைப் பங்கிட்டது. மிச்சம் ஒன்றரை இலட்சம் பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று விட்டது. போகிறாயா, இருக்கிறாயா என்று அந்த மக்களைக் கூட்டாகக் கேட்ட பேச்சுவார்த்தை எதுவும் நடக்கவில்லை. நாடற்றவர் என்ற நிலை சட்டப்படி முடிய 2003 வரை போனது.

வன்னிக்கு வந்த மலை

1958, 1977 கலவரங்களிலும் அதற்குப் பிறகும் மலைநாட்டிலிருந்து அடித்து விரட்டப்பட்டவர்கள் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் வந்தார்கள். காடு வெட்டினார்கள், கிணறு தோண்டினார்கள். போர் வந்தபோது அவர்களும் இடம்பெயர்ந்தார்கள். 2009 இல் மெனிக் பாமின் முள்வேலிக்குள் அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இருந்தார்கள். துண்டு இல்லாமல் தோட்டத்தை விட்டு வெளியேற முடியாதவர்களின் வழித்தோன்றல்கள், பாஸ் இல்லாமல் முகாமை விட்டு வெளியேற முடியாதவர்களாக நின்றார்கள். கிட்டத்தட்ட மூன்று இலட்சம் பேரில் யார் மலையகம், யார் வன்னி என்று அந்த வேலிக்குத் தெரியாது.

அந்த முகாம்களுக்கும் நலன்புரி நிலையம் என்றுதான் அரசாங்கம் பெயர் வைத்தது. அருணாசலத்தின் லீக்கின் பெயரிலும் நலன்புரி என்ற அதே சொல் இருக்கிறது. ஒன்று ஆளை உள்ளே வைத்துக்கொண்டு நலம் பேசியது. மற்றது, வெளியே போகும் உரிமை இல்லாமல் நலம் இல்லை என்றது.

போருக்குப் பிறகு எங்கள் பகுதிகளில் சிறுவர் இல்லங்கள், முதியோர் இல்லங்கள், மாற்றுத்திறனாளிகளுக்கான நிலையங்கள் நிறைய வந்திருக்கின்றன. பலவற்றில் உண்மையான அக்கறையோடு வேலை நடக்கிறது. மலைநாட்டில் இன்றும் ஓய்வு பெற்ற தொழிலாளி ஒருவருக்குத் தான் படுத்திருக்கும் லயக் காம்பரா தனக்குச் சொந்தமில்லை. வீட்டில் வேலைக்குப் பேர் பதிந்தவர் இல்லாவிட்டால் அந்த இடம் எப்போது கேள்விக்குள்ளாகும் என்று தெரியாது. இந்த இரண்டு இடங்களிலும் கேட்க வேண்டியது ஒன்றுதான். சோறு கிடைக்கிறதா, கூரை ஒழுகுகிறதா என்று பார்ப்பதோடு நிற்காமல், இங்கே இருப்பவர் விரும்பினால் போகலாமா, பிடிக்காவிட்டால் முறையிடலாமா, அந்த முறைப்பாட்டை அவரை அங்கே வைத்திருப்பவர் அல்லாத ஒருவர் கேட்பாரா என்றும் பார்க்க வேண்டும்.

கொழும்பில் காலிமுகத்திடலை ஒட்டிய பழைய நாடாளுமன்ற வளவில் அருணாசலத்தின் சிலை நிற்கிறது. பேராதனையில் அவர் பெயரில் விடுதி இருக்கிறது. தோட்டப் பகுதியில் வேலையை விட்டதற்காக இன்று யாரையும் கைது செய்ய முடியாது. மூன்றில் எது அவருக்குப் பொருத்தமான நினைவுச்சின்னம் என்று ஹற்றன் பக்கத்திலிருந்து அந்த விடுதிக்கு வந்து படித்த ஒரு பிள்ளையைக் கேட்டால், அந்தப் பிள்ளை மூன்றாவதைச் சொல்லக்கூடும். தன் பாட்டனுக்கும் முந்தியவர் ஒருவர் எதற்காகச் சிறைக்குப் போயிருப்பார் என்பதை நாங்கள் அந்தப் பிள்ளைக்குச் சொல்லியிருந்தால்.